காலடிப்பேட்டைக்கு வந்த கம்பளி மூட்டை

காலடிப்பேட்டை,
திருவொற்றியூர்.
28-12-1999

பிரியமுள்ள தங்கச்சி எல்சிக்கு, உன் அண்ணன் ஹென்றி எழுதிக்கொள்வது. குழந்தை இயேசுவின் தயவால் நானும் உன் அண்ணி பிலோமியும் இங்கே சுகமாக இருக்கிறோம். என் வலது முழங்கால் மட்டும் சுகமாக இல்லை, அதை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் டெல்லிக் குளிரில் சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று ஜெபமாலையின்போது உன் அண்ணி உங்கள் பெயரைச் சொல்லித் தனியாக ஒரு ஜெபம் சேர்த்திருக்கிறாள். மாப்பிள்ளை அவர்களுக்கு என் வணக்கத்தைத் தனியாகச் சொல்லவும். சேர்த்துச் சொன்னால் அவர் கவனிப்பதில்லை.

உங்கள் மாதர் சங்கம் அனுப்பிய கம்பளி உடுப்புகளை ஏழைகளுக்கு எப்படிக் கொடுத்தோம் என்று விவரமாக எழுதச் சொல்லியிருந்தாய். ஜனவரி கடைசியில் நடக்கும் புது வருஷக் கூட்டத்தில் அதை வாசிக்கப் போவதாகவும் சொல்லியிருந்தாய். அதனால் ஒன்றும் விடாமல் எழுதுகிறேன். வாசிக்கத் தகாத இடங்களில் ஓரத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டிருக்கிறேன். அங்கே வந்ததும் லேசாக இருமிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடு.

மூட்டை சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு நல்லபடியாக வந்து சேர்ந்தது. வாங்கிவர நானே போனேன். ஆட்டோக்காரர்கள் அதன் பருமனைப் பார்த்துவிட்டு என்னையும் ஏறக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். கடைசியில் பீம்ராவ் என்பவருடைய மீன்பாடி வண்டி கிடைத்தது. உனக்கு மறந்திருக்கும், முன்னால் பலகையும் பின்னால் சைக்கிளுமாக இருக்குமே, அதுதான். பீம்ராவ் புளியந்தோப்புக்காரர், காசிமேட்டு வரைக்கும் தினம் ஐஸ் கட்டிகளை ஏற்றிக்கொண்டு போகிறவர், நிதானமான மனுஷன். மூட்டையை ஒரு தடவை மோந்து பார்த்துவிட்டு, பாச்சா உருண்டை வாசனை தூக்கவும், உள்ளே இன்னா நைனா என்று கேட்டார். கம்பளிச் சட்டை, டெல்லியிலிருந்து ஏழைகளுக்காக வந்திருக்கிறது என்றேன். அவர் வண்டியை மிதித்துக்கொண்டே ரொம்ப நேரம் யோசித்தார். ராயபுரம் பாலம் இறங்கும்போது வேர்வையைத் துண்டால் துடைத்துக்கொண்டு, "எந்த ஊரு ஏழைங்களுக்கு?" என்று கேட்டார். நான் மூட்டையை இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். (இந்தப் பத்திக்குக் குறி போட்டிருக்கிறேன்.)

வீட்டில் பிரித்தோம். கூடம் முழுக்க ஸ்வெட்டர். முழுக்கை, அரைக்கை, கழுத்தை மூடுவது, முன்பக்கம் பொத்தான் வைத்தது, அதோடு மஃப்ளர், கையுறை, குரங்குக் குல்லா. உங்கள் சங்கத்துப் பெண்கள் கண்ணில் ஒத்திக்கொள்கிற மாதிரி பின்னியிருக்கிறார்கள், ஒரு கண்ணி தப்பவில்லை. அதை அவசியம் வாசி. பிலோமி ஒன்றை எடுத்து மடியில் வைத்தாள், உடனே இறக்கிவிட்டு ஃபேனைக் கூட்டி வைத்தாள். அவள் குறை ஒன்றும் சொல்லவில்லை. எல்சிக்குக் கல்யாணமாகிப் போய் ரொம்ப வருஷம் ஆச்சில்ல, ஊரு எப்படி இருக்கும்னு மறந்துட்டிருப்பா என்று மட்டும் சொன்னாள். டிசம்பர் மாசம் குளிர் மாசந்தானே என்று நான் உன் பக்கம் பேசினேன். பேசும்போதே பனியன் முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது.

எங்கள் தெரு நலச் சங்கத்துக்கு நான் செயலாளராக இருப்பது உனக்குத் தெரியும். வேறு யாரும் ஒத்துக்கொள்ளாததால் இருக்கிறேன். வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை சாமியானா போட்டு, எல்லா மதத்துக்காரர்களும் சேர்ந்து, இல்லாதவர்களுக்கு அரிசியும் துணியும் கொடுப்போம். இந்த வருஷம் அரிசியோடு உன் சரக்கையும் சேர்த்துவிடலாம் என்று முடிவு செய்து நோட்டீஸ் அடித்தோம். நான்தான் எழுதிக்கொடுத்தேன். "ஏழை எளியோருக்கு அரிசியும் கம்பளியும் வழங்கப்படும்." இதில் என்ன தப்பு என்று நீ கேட்பாய். நானும் அன்றைக்குச் சாயங்காலம் வரைக்கும் அப்படித்தான் கேட்டேன். கம்பளி என்றால் இங்கே ஜனங்களுக்குப் போர்வை, எல்சி. விரித்துப் படுப்பதும் போர்த்துவதும். விம்கோ நகரிலிருந்துகூடப் போர்வை என்று நம்பிக் கூட்டம் வந்துவிட்டது. முதல் ஆளாக நின்ற பாட்டி நான் கொடுத்த ஸ்வெட்டரை இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்து, இதைப் பிரிச்சு விரிச்சா ஓராளு படுக்குமா என்று மரியாதையாகக் கேட்டது. படுக்காது என்றேன். அரிசியை வாங்கிக்கொண்டு ஸ்வெட்டரை மேஜைமேலே மடித்து வைத்துவிட்டுப் போனது. அதைப் பார்த்து அடுத்தவரும் அப்படியே செய்தார். ஒருத்தரும் சண்டை போடவில்லை, முகம் சுளிக்கவில்லை. அரிசியை வாங்கு, ஸ்வெட்டரை வை, கும்பிடு, நகரு. வரிசை ரொம்ப ஒழுங்காகப் போனது.

மேடையிலிருந்து இதைக் கவனித்துக்கொண்டிருந்த எங்கள் சிறப்பு விருந்தினருக்கு மனசு தாங்கவில்லை. அவர் பேர் ரகுபதி, விசைப்படகு வைத்திருக்கிறார், வருஷா வருஷம் அரிசி அவர் உபயந்தான். நல்ல மனுஷன், நல்ல உடம்பு. அவர் மைக்கைப் பிடித்து, குளிர் காலத்தில் கடல் காற்றுக்குக் கம்பளி எவ்வளவு நல்லது என்று பேசினார். பேச்சு எடுபடவில்லை என்றதும், மாலையைக் கழட்டி என்னிடம் கொடுத்துவிட்டு, இதோ நானே போட்டுக் காட்டுகிறேன் என்று ஒரு நீல ஸ்வெட்டரை எடுத்தார். அது கழுத்தை மூடுகிற ரகம். யாரோ பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு அளவெடுத்துப் பின்னியது போலிருக்கிறது. அவர் இரண்டு கையையும் தூக்கி உள்ளே நுழைத்தார், தலையையும் நுழைத்தார். தலை மறுபக்கம் வரவில்லை. கையும் இறங்கவில்லை. கொஞ்ச நேரம் மேடையில் ஒரு நீல மூட்டை, உச்சியில் விரல்கள் மட்டும் தெரிய, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிக்கொண்டிருந்தது. மைக் அவர் வாய்க்கு நேராகவே இருந்ததால் உள்ளே இருந்து அவர் பேசியது தெளிவாகக் கேட்டது. "யாரும் பதட்டப்படாதீங்க. எல்லாரும் அப்படியே உக்காருங்க. நான் நல்லாத்தான் கீறேன்."

ஜனங்கள் அவர் சொன்னபடி உட்கார்ந்தார்கள். அவர்மேல் இருக்கிற மரியாதையில் ஒருத்தரும் சிரிக்கவில்லை, ஆனால் சாமியானா மட்டும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. நானும் பொருளாளரும் ஆளுக்கொரு பக்கம் இழுத்ததில் அவர் உயரமானாரே தவிர வெளியே வரவில்லை. கடைசியில் உன் அண்ணி மேடை ஏறி, கேக் கட்டின ரிப்பனை வெட்ட வைத்திருந்த கத்திரிக்கோலால் கழுத்திலிருந்து நெஞ்சு வரைக்கும் நேராக வெட்டினாள். ரகுபதி வெளியே வந்தார், முகமெல்லாம் சிவந்து வேர்வை கொட்ட. மைக்கை வாங்கி, உள்ள நல்லா கதகதன்னு கீது என்று கூட்டத்துக்கு அறிவித்துவிட்டு உட்கார்ந்தார். அந்த நீல ஸ்வெட்டரைப் பின்னியவர் கூட்டத்தில் இருந்தால் இதை வாசிக்காதே. குறி போட்டிருக்கிறேன்.

விழா முடிந்து பார்த்தால் மேஜைமேல் இருந்த குவியல் கொண்டுவந்ததைவிடப் பெரிசாக இருந்தது. பழைய துணி சேகரிக்கிறார்கள் என்று நினைத்து யாரோ ஒரு கால்சட்டையையும் கிழிந்த மழைக்கோட்டையும் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். நான் சாமியானா கம்பத்தில் சாய்ந்து நின்றேன். எல்சி, நீ இவ்வளவு பேரிடம் சொல்லி, இவ்வளவு கை உழைத்து அனுப்பியதை வாங்க எங்கள் ஊரில் ஒரு ஆள் இல்லையே. இதை உனக்கு எப்படி எழுதப் போகிறேன் என்றுதான் நினைத்தேன். மூட்டையைத் திருப்பி ஏற்ற வந்த பீம்ராவ் என் முகத்தைப் பார்த்துவிட்டு, இதுக்குப் போயி ஏன் பேஜாராவுற, வெயில்ல நிக்கிறவன்கிட்ட குடுத்தா எவன் வாங்குவான், ஐஸ்ல நிக்கிறவங்களுக்குக் குடு நைனா என்றார். அவர் ஐஸ் இறக்குகிற இறால் கம்பெனியில் பொம்பளைங்க நாள் முழுக்கக் குளிர் ரூமில் நின்று இறால் உரிக்கிறார்களாம்.

மறுநாள் காலையில் அவர் என்னைக் கன்னியம்மா வீட்டுக்கு அழைத்துப் போனார். கடற்கரைக் குப்பத்தில் இருக்கிறாள், புருஷன் படகுக்குப் போகிறவன், இவள் அந்த இறால் கம்பெனியில் வேலை. நாற்பது வயசு இருக்கும். டீ கொடுத்தாள். தனக்கு ஊற்றிய டம்ளரை அவள் விரலால் பிடிக்கவில்லை, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து அணைத்த மாதிரிப் பிடித்திருந்தாள். விரல் முழுக்க வெளுத்துச் சுருங்கி, நுனியெல்லாம் வெடித்திருந்தது. கையைவிட முதுகுதான் ரொம்ப நோவுது, குளிரு எலும்புல உக்காந்துகினு சாயந்திரம் வூட்டுக்கு வந்தாலும் எறங்க மாட்டேங்குது என்று அடுத்த வீட்டுக்காரியைப் பற்றிச் சொல்கிற மாதிரிச் சொன்னாள். நான் ஒரு ஸ்வெட்டரை நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"எனக்கு ஒருத்திக்குக் குடுத்தா பக்கத்துல நிக்கிறவ நடுங்கிகினு என்னையே பாப்பா. எல்லாருக்கும் கீதா அண்ணா?"

எல்லாருக்கும் இருந்தது. சின்னப் பிள்ளை அளவில் இருந்ததையெல்லாம் கையை மட்டும் வெட்டி முழங்கை வரை மாட்டிக்கொள்கிற உறையாக்கிவிட்டாள் பிலோமி. குரங்குக் குல்லாவை மட்டும் ஒருத்தியும் தொடவில்லை.

இத்தோடு கடிதத்தை முடித்திருந்தால் உன் கூட்டத்தில் வாசிக்க எவ்வளவு அழகாக இருந்திருக்கும். அந்தப் பொம்பளைங்க ஸ்வெட்டரைப் போட்டு, அதுக்கு மேலே கம்பெனி கொடுத்த வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனார்கள். ஒரு நாள் தெரியவில்லை. இரண்டாவது நாள் மேனேஜர் வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தாராம், எங்கேயோ இடித்திருக்கிறது, திரும்ப முதலிலிருந்து பார்த்தாராம். இன்னா எல்லாரும் ஒரே நேரத்துல குண்டாயிட்டீங்க என்று கேட்டாராம். கோட்டைக் கழட்டச் சொல்ல, விஷயம் வெளியே வந்துவிட்டது. கம்பளி இழை இறாலில் விழுந்தால் வெளிநாட்டுக்காரன் கண்டெய்னரையே திருப்பி அனுப்புவான், கழட்டிவிட்டு வேலை செய்வதென்றால் செய், இல்லாவிட்டால் வீட்டுக்குப் போ என்று சொல்லிவிட்டார். கன்னியம்மா கழட்டவில்லை. வீட்டுக்கும் போகவில்லை. கேட்டுக்கு வெளியே வந்து சுவர் ஓரமாக உட்கார்ந்தாள். மற்றவர்களும் வந்து உட்கார்ந்தார்கள்.

நான் அந்த நேரம் வீட்டில் அமைதியாகக் கிறிஸ்துமஸ் பலகாரத்துக்குக் கல்கல் சுருட்டிக்கொண்டிருந்தேன். பீம்ராவ் வந்து வாசலில் மணி அடித்தார். "நைனா, கொஞ்சம் ஏறு. உன் சட்டையால சோறு போயிடும் போல கீது அதுங்களுக்கு." நான் மாவுக் கையோடு ஏறினேன். ஐஸ் இறக்கிவிட்டு அப்படியே வந்த வண்டி, பலகையெல்லாம் தண்ணீர். நான் கம்பெனி வாசலில் இறங்கியபோது என் கால்சட்டை பின்பக்கம் முழுக்க நனைந்து, பார்க்கிறவர்களுக்கு வேறு மாதிரித் தோன்றும்படி இருந்தது. அந்தக் கோலத்தில் என்னைப் பார்த்து மேனேஜர் கேட்ட முதல் கேள்வி, நீங்கதான் இதுக்கெல்லாம் லீடரா என்பது.

எல்சி, உனக்கே தெரியும், நான் துறைமுகத்தில் டைம் ஆபீஸில் குப்பை கொட்டியவன். எத்தனையோ ஸ்டிரைக் பார்த்திருக்கிறேன், அத்தனையிலும் உள்ளே உட்கார்ந்து லீடர்களுக்கு ஆப்சென்ட் போட்டவன் நான். ரிட்டயர் ஆனபிறகு என்னை லீடர் என்று ஒருத்தர் சொல்ல, பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்று திரும்பினேன். சுவரோரமாக உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தேன். கூச்சல் இல்லை, கோஷம் இல்லை. பண்டிகைக்கு மூணு நாள் இருக்கும்போது வேலை போனால் என்ன ஆகும் என்று அத்தனை முகத்திலும் எழுதியிருந்தது. கன்னியம்மா மட்டும் கையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வெயிலில் காய்ந்துகொண்டிருந்தாள். உள்ளே இறால் ஐஸில் கிடக்கிறது, வெளியே கண்டெய்னர் லாரி என்ஜினை அணைக்காமல் நிற்கிறது. இதற்கெல்லாம் காரணம் நான் வாங்கிவந்த மூட்டை.

மேனேஜர் சின்ன வயசு, கெட்டவர் இல்லை. இழை விழுந்தால் என்ன ஆகும் என்று எனக்குப் பொறுமையாக எடுத்துச் சொன்னார். அவர் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. நான் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டேன். அப்போதுதான் கவனித்தேன், குளிர் ரூமிலிருந்து நேராக வந்திருந்ததால் அவருடைய வெள்ளைக் கோட்டு திறந்திருக்க, உள்ளே நல்ல தடிமனான சாம்பல் நிற ஸ்வெட்டர் போட்டிருந்தார். எனக்கு உன் ஞாபகம் வந்தது. நல்ல நூலாக இருந்தால் உனக்கு எழுதலாமே என்று, சத்தியமாக அந்த எண்ணத்தில்தான் கேட்டேன்.

"சார், நீங்க போட்டிருக்கிறது என்ன நூல் சார்? இது கொட்டாதா? தெரிஞ்சா என் தங்கச்சிகிட்ட சொல்லி அடுத்த தடவை அதிலேயே பின்னச் சொல்றேன்."

அவர் குனிந்து தன் நெஞ்சைப் பார்த்தார். சுவரோரமாக ஒருத்தி வாயில் முந்தானையை வைத்து அடைத்துக்கொண்டாள். பக்கத்தில் இருந்தவளுக்கு அது தொற்றியது, அப்படியே வரிசை முழுக்கப் போனது. சத்தமாக யாரும் சிரிக்கவில்லை, தோள் மட்டும் குலுங்கியது. லாரிக்காரன் ஹாரன் அடித்தான். மேனேஜர் உள்ளே போய் யாருக்கோ போன் செய்துவிட்டு வந்தார். கோட்டைக் கழுத்து வரை பொத்தான் போட வேண்டும், மணிக்கட்டில் ரப்பர் பேண்டு மாட்ட வேண்டும், அப்படியானால் உள்ளே ஸ்வெட்டர் போட்டுக்கொள்ளலாம் என்றார். எல்லாரும் எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டு உள்ளே போனார்கள். கன்னியம்மா கடைசியாகப் போனாள். போகும்போது, "செமையா கேட்ட அண்ணா" என்றாள். நான் நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன் என்று அவளிடம் சொன்னேன், பீம்ராவிடம் சொன்னேன், ரகுபதியிடமும் சொன்னேன். ஒருத்தரும் நம்பவில்லை. உன் அண்ணி மட்டும் நம்பினாள். அவள் என்னை ரொம்ப நாளாக அறிந்தவள்.

கிறிஸ்துமஸ் அன்று பூசை முடிந்து வந்தால், வாசலில் கன்னியம்மாவும் இன்னும் சிலரும் நிற்கிறார்கள். கையில் ஒரு முழு வஞ்சிரம், ஓலைக்கூடை நிறையக் கருவாடு. சும்மா வாங்கிக்க மாட்டோம் அண்ணா, குடுத்தா நாங்களும் குடுப்போம் என்று வைத்துவிட்டாள். பிலோமி எல்லாரையும் உட்காரவைத்துக் கேக்கும் அச்சுமுறுக்கும் கொடுத்தாள். வஞ்சிரத்தை அவர்களே வெட்டி, அவர்களே குழம்பு வைத்து, என்னையும் பீம்ராவையும் முதல் பந்தியில் உட்காரவைத்தார்கள். இல்லாதவர்களுக்குக் கொடுக்கப் போன நான் அன்றைக்கு இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

ஆகவே, தங்கச்சி, உங்கள் சரக்கு முழுவதும் தகுந்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. இனி இங்கே கம்பளிக்கு ஒரு குறையும் இல்லை. தயவுசெய்து மேற்கொண்டு ஒன்றும் அனுப்ப வேண்டாம் என்று சங்கத்தாரிடம் பக்குவமாகச் சொல்லவும். நானும் பொதுக் காரியத்திலிருந்து விலகி, முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு வீட்டோடு இருப்பதாக முடிவு செய்துவிட்டேன். வரப்போகிற ரெண்டாயிரமாவது வருஷம் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டும்போது கையில் நல்லதை மட்டும் கொண்டுவரட்டும். பிள்ளைகளுக்கு எங்கள் முத்தம். மாப்பிள்ளைக்கு மறுபடியும் தனியாக வணக்கம்.

உன் பாசமுள்ள அண்ணன்,
ஹென்றி

பி.கு. ஜனவரி 6. புது வருஷ அமளியில் இந்தக் கடிதம் தபாலில் சேராமல் என் பைபிளுக்குள்ளேயே இருந்துவிட்டது. அதற்குள் நடந்தது: வெளிநாட்டுக்காரர்கள் கம்பெனியைப் பார்வையிட வருகிறார்கள் என்று, உள்ளே பஞ்சு வைத்துத் தைத்த புதுக் கோட்டு அத்தனை பேருக்கும் கம்பெனியே கொடுத்துவிட்டது. இழை கொட்டாதாம். முதுகுக்கு நல்லா கீது என்று கன்னியம்மா சொன்னாள், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அடுத்த நிமிஷம் பீம்ராவின் வண்டி வந்து நின்றது. ஸ்வெட்டர் எல்லாவற்றையும் துவைத்து, காய வைத்து, மடித்து மூட்டை கட்டியிருந்தார்கள். வூட்டுல போட்டா வேர்க்குது, வச்சிருந்தா பூச்சிதான் அரிக்கும் என்றார்கள். டிவி செய்தியில் டெல்லியில் குளிருக்கு ரோட்டோரம் படுத்திருந்தவர்கள் செத்துப்போனதைக் காட்டினார்களாம். அதைப் பார்த்ததிலிருந்து கன்னியம்மாவுக்கு மனசு சரியில்லை. மூட்டையை நேற்று சென்ட்ரலில் உன் பேருக்கு புக் பண்ணிவிட்டோம், மாப்பிள்ளையை ஸ்டேஷனுக்கு அனுப்பவும். வெளியே பிளாட்பாரத்தில் படுத்திருக்கிறவர்களுக்கு அங்கேயே பிரித்துக் கொடுத்துவிட்டால் போதும், வீடு வரைக்கும் தூக்கிக்கொண்டு போக வேண்டாம் என்று கன்னியம்மா சொல்லச் சொன்னாள்.